நேர்ந்துவிட்ட சேவலும் ஈரத் தரையும்

போன வருஷம் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை ஒன்றுதான். கோழிக்கூட்டுக்குள் குனிந்து போய், தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்ப்பேன். கையை விரித்ததும் மண் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியிலேயே நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த மழையில் எனக்குத் தினமும் கொழுக்கட்டைதான்.

கோழி வளர்ப்பது எனக்குப் புதிதில்லை. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு சுணங்கும், ஒன்றிரண்டு சாகும். அதற்கெல்லாம் உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த வருஷம் கூட்டில் ஒரு செஞ்சேவல் நின்றது. அது சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். நேர்ந்தவள் என் மகள். அவள் நிறைமாதமாக என் வீட்டில் இருந்தாள்.

அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. மறுபடி உண்டானதும், பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மாடன் கோவிலுக்குப் போய், என்னிடமோ மருமகனிடமோ ஒரு வார்த்தை கேட்காமல், அவளாகவே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிள்ளை கையும் காலுமாக நல்லபடியாகப் பிறந்தால் ஒரு செஞ்சேவல். குஞ்சிலிருந்தே நம் வீட்டில் வளர்ந்த சேவலாக இருக்க வேண்டும், விலைக்கு வாங்கியது ஆகாது. மூளியும் கூடாது. கொண்டை கிழிந்திருக்கக் கூடாது, நகம் ஒடிந்திருக்கக் கூடாது, விரல் குறைந்திருக்கக் கூடாது. பூசாரி சேவலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அத்தனை பார்க்க மாட்டார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அவளுக்கு இருந்தது. அதுதான் என் பயம். பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மனசை நிம்மதியாக வையுங்கள் என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். அவள் நிம்மதி முழுவதும் அந்தச் சேவலின் கொண்டையில் நின்றது. அவள் படுக்கிற அறையின் சன்னலைத் திறந்தால் கூடு தெரியும். காலையில் சன்னல் வழியாகக் கை நீட்டிக் கம்பு போடுவாள். சேவல் வந்து கொத்தும். கொத்திவிட்டால் அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிடுவாள். கொஞ்சம் தாமதமாக வந்தால் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வரும்.

இனி கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்கம் தறிக்கூடம். நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் அரைச்சுவர் எழுப்பிக் கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்ட கூடு. தரை வெறும் மண். கரிசல் மண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இத்தனை வருஷம் தாங்கிய தரை ஏன் இந்த வருஷம் தாங்கவில்லை என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. பிறகுதான் விளங்கிற்று. மகளைப் புளியங்குடியில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, சம்பந்தி வீட்டு எலுமிச்சைக்கு உரம் என்று வருஷா வருஷம் கூட்டைச் சுரண்டிச் சாக்கில் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். எச்சத்தோடு மண்ணும் சேர்ந்தே போயிருக்கிறது. முற்றத்தைவிடக் கூட்டுத் தரை இறங்கி, கிண்ணம் மாதிரி குழிந்து கிடந்தது. என் கூட்டு மண் முழுவதும் புளியங்குடியில் எலுமிச்சையாகக் காய்க்கிறது. இங்கே முற்றத்துத் தண்ணீர் எல்லாம் என் சேவலின் காலடிக்கு வருகிறது.

போதாததற்குத் தறிக்கூடத்துத் தகரத்திலிருந்து விழுந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி வருகிற தண்ணீர். அதற்கு வாய்க்கால் மாதிரி ஒரு தகரக் காலாவது அடித்து ஓரமாக இறக்கிவிடுங்கள் என்று கோடையிலேயே சொன்னேன். "பாப்பம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பார்ப்போம் என்று சொன்ன வேலைகளை வரிசையாக நிறுத்தினால் வரிசை ரயில்வே ஸ்டேஷன் வரை போகும்.

சாம்பலைப் போட்டேன். ஒரு நாள் தாங்கியது. சுண்ணாம்புத் தூளைத் தூவி மண்ணைக் கொத்திப் புரட்டினேன். கொஞ்சம் வாடை அடங்கியது, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் கண் எரிந்தது. எனக்கே எரிகிறது என்றால், முழங்கால் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிற கோழிக்கு எப்படி இருக்கும். உமி கிடைத்தால் கட்டைவிரல் ஆழத்துக்குப் பரப்பிவிடலாம். அந்த மழையில் மில்லிலும் உமி நனைந்து கிடந்தது. கடலைத் தொலியும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரர் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஏட்டி, நம்மட்ட வேஸ்ட் நூலு மூட மூடயா கெடக்குல்லா. பஞ்சு தண்ணியக் குடிக்கும். அதப் பரத்தி விடு."

எனக்கும் சரியென்றே பட்டது. தறி வீட்டில் எதைத் துடைப்பதானாலும் வேஸ்ட் நூல்தான். எண்ணெய் சிந்தினால் அது, தண்ணீர் கொட்டினால் அது. இரண்டு மூட்டையை அவிழ்த்துப் பரப்பினோம். சாயங்காலத்துக்குள் தரை அப்படி உலர்ந்தது. வெள்ளை மெத்தையில் கோழிகள் கால் வைத்து நடந்தன. சேவல் நடுவில் நின்று கூவியது. மகள் சன்னலிலிருந்து பார்த்து, "எம்மா, அதுக்கு ஏசி ரூம் போட்டுக் குடுத்திட்டிய போல" என்று சிரித்தாள். அவள் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. நான் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

அது பாவு நூல் என்பதை இரண்டு பேருமே மறந்திருந்தோம். தறியில் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சியில் முக்கி எடுத்த நூல். ஈரத் தரையில் அந்தக் கஞ்சி ஊறிப் புளித்தது. சில நாளில் பழைய வாடை போய்ப் புளித்த மாவு வாடை வந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. குடித்த தண்ணீரை நூல் வெளியே விடவே இல்லை, அப்படியே பிடித்து வைத்திருந்தது. நாளை காலை எல்லாவற்றையும் வாரிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

காலையில் மகள் குரல்தான் எழுப்பியது.

"எம்மா, சேவலு ஒத்தக் கால்ல நிக்கு."

"குளுருக்கு எல்லாச் சேவலும் அப்படித்தாம்ட்டி நிக்கும்."

"கம்பு போட்டேன், வரல."

"இப்பதான முழிச்சிருக்கு. நீ போய்ப் பல்லத் தேய்."

அவள் நகர்ந்ததும் ஓடினேன். சேவலைப் பிடித்து மடியில் வைத்துக் காலைத் தூக்கினேன். நடுவிரல் வீங்கிப் போயிருந்தது. நுனி நீலம் பாய்ந்திருந்தது. விரலின் அடியில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. நூல் சுற்றி, நடக்க நடக்க இறுகி, சதைக்குள் புதைந்துவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் மகளுக்குக் கேட்கும். சேவலை முந்தானையில் மூடித் தறிக்கூடத்துக்குள் கொண்டுபோனேன்.

அவர் பார்த்தார். தறியை நிறுத்தினார். எங்கள் தெருவில் தறி நின்றால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். "ஓட்டுங்க, ஓட்டுங்க, அவ என்னன்னு கேப்பா" என்றேன். மறுபடி ஓடவிட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து, அச்சில் இழை கோக்கிற மெல்லிய கொக்கியால் சதைக்குள் விட்டு ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். அறுந்த இழையைத் தேடி எடுக்கிற கை அது. நான் சேவலின் தலையை என் கையால் மூடிக்கொண்டேன். கடைசிச் சுற்று வந்தபோது கொஞ்சம் ரத்தம் வந்தது.

"ரத்தம் வந்தா நல்லதுதான். ஓட்டம் இருக்கு" என்றார்.

"நுனியில வரலயே."

அவர் கொக்கியைத் துடைத்து வைத்தார்.

மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போட்டேன். அவர் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தார். "மண்ணால வந்த வினைக்கு இன்னும் மண்ணாக்கும்" என்று கையைத் தட்டிவிட்டேன். அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. காயத்தில் வைக்காமல், கொண்டையில் கொஞ்சம் தொட்டு வைத்தேன்.

மருந்து போட்டால் மட்டும் போதாது. அந்தக் காலோடு அந்தச் சொதசொதப்பில் விட்டால் விரல் மட்டுமல்ல, காலே அழுகும். தறிக்கூடத்தில் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைக்கலாம், ஆனால் எத்தனை நாளைக்கு? சன்னலைத் திறந்து சேவல் எங்கே என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? கூட்டுத் தரை காய்ந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

நூல் முழுவதையும் வாரி வெளியே எறிந்தேன். ஒரு இழை விடாமல், விளக்குமாற்றால் அல்ல, கையால் பொறுக்கினேன். புளித்த மண்ணை மம்பட்டியால் வெட்டி அள்ளினேன். அடியில் இருந்த மண்ணும் ஈரம்தான். கிண்ணத்தை நிரப்ப வேண்டும், அதற்குக் காய்ந்த மண் வேண்டும். அடைமழையில் காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது? ஊர் முழுக்கச் சேறு. காய்ந்த மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் முன்பக்கம் ஒரு அறை எடுப்பதற்காகச் சரள் மண் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு மதினியோடு நான் பேசுவதில்லை. கூட்டு வாடை தாங்க முடியவில்லை என்று அவள் வந்து சொன்ன அன்றைக்கு, நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

கூடையோடு போய் நின்றேன்.

"என்ன மதினி, அதிசயமா இருக்கு" என்றாள்.

"கொஞ்சம் சரளு வேணும்."

"எதுக்கு?"

"கோழிக் கூட்டுக்குப் போடணும். ஈரமா கெடக்கு."

அவள் சிரிக்கவில்லை. "நாத்தம் வருதுன்னு சொன்னதுக்கு, எம் மூக்குலதான் கோளாறுன்னிய. ஆஸ்பத்திரியில போயி மூக்கக் காட்டுன்னிய."

"சொன்னேன்தான்."

"இப்ப?"

"ஒம் மூக்கு நல்லாத்தான் இருக்கு. சரளத் தா."

என்னால் அதற்கு மேல் இறங்க முடியாது. அவளுக்கும் அது தெரியும். தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தாள். "ஓரத்துல உள்ளது நனைஞ்சிருக்கும், உள்ள இருந்து அள்ளுங்க" என்றாள். நான் குனிந்து அள்ளும்போது, "பிள்ள எப்படி இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவளே ஒரு சட்டி எடுத்துக்கொண்டு வந்து கூட அள்ளினாள்.

அன்று முழுவதும் மழை விட்டு விட்டுப் பெய்தது. விட்ட நேரமெல்லாம் வேலை. கூட்டைச் சுற்றி மம்பட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டி, வீட்டோரத்து முடுக்குச் சந்துப் பக்கமாகத் தண்ணீரை வழித்துவிட்டேன். வீட்டுக்காரர், யாரும் சொல்லாமலே, ஏணி போட்டு ஏறித் தகரக் கால் அடித்தார். சரளைக் கொட்டி, முற்றத்தைவிட ஒரு சாண் உயர்த்தி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, மேலே சாம்பலும் சுண்ணாம்பும் தூவினேன். சன்னலில் மகள் முகம் தெரிந்தது.

"எதுக்கும்மா இவ்வளவு பாடு?"

"கூடு பள்ளமா இருந்துச்சு."

"சேவல எங்க?"

"தறிக்கூடத்துல. வேல முடியட்டும்னு கவுத்து வச்சிருக்கேன். ஒண்ணும் இல்ல."

அடுத்த சில நாளும் அதே பதில்தான். ஈரம் இன்னும் போகவில்லை, காயட்டும், ஒண்ணும் இல்ல. அவளும் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். கேட்காமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காலையில் கூட்டுக்குள் போய் மண்ணைப் பிடித்துப் பார்ப்பேன், பிறகு தறிக்கூடத்துக்குப் போய் விரலைப் பார்ப்பேன். மண் நாளுக்கு நாள் உதிரத் தொடங்கியது. விரல் நாளுக்கு நாள் கறுத்தது. கறுப்பு ஒரு இடத்தில் நின்று, அதற்கு மேல் ஏறாமல், சுள்ளி மாதிரி காய்ந்தது. ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால், சேவல் இரண்டு காலாலும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. விரல் தரையில் கிடந்தது.

அதை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்காரரிடம் காட்டியபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கையில் துணிப்பை. பைக்குள் இன்னொரு செஞ்சேவல். அதே உயரம், அதே நிறம், கொண்டைகூடக் கிட்டத்தட்ட அப்படியே. விலைக்கு வாங்கியது ஆகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவள் கண்ணுக்கு ஒரு சேவல் தெரிந்தால் போதும் என்று நினைத்தோம். கூட்டில் விட்டோம்.

சன்னல் திறந்தது. கம்பு விழுந்தது. புதுச் சேவல் மூலையிலேயே நின்றது.

"எம்மா, இங்கன வா."

போனேன்.

"இது எஞ் சேவல் இல்ல."

"ஒஞ் சேவல்தாம்ட்டி. இத்தன நாளு அடைச்சு வச்சிருந்தோம்லா, கூச்சப்படுது. ஒண்ணும் இல்ல."

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே திரும்பினாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"போன தடவையும் இப்படித்தான். ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வந்தா எல்லாரும் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னிய. பஸ்சுல வார வழியெல்லாம் ஒண்ணும் இல்லன்னிய. எம் வயித்துல கெடந்தது செத்துப் போச்சுன்னு எனக்கு மட்டும் தெரியாது. என்னைச் சுத்தி எல்லாருக்கும் தெரியும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நல்லதோ கெட்டதோ சொல்லும்மா. தெரியாமப் படுத்துக் கெடக்கதுதான் எனக்குத் தாங்கல."

தறிக்கூடத்துக்குப் போய் அவள் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தேன். காலைத் தூக்கிக் காட்டினேன். நூல் போட்டது, நூல் சுற்றியது, விரல் விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானை முடிச்சையும் அவிழ்த்துக் காட்டிவிட்டேன். பிரஷர் ஏறுகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் விழுந்த இடத்தை அவள் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

"அதுக்கு வலிக்குமா?"

"இப்ப வலிக்காது. ஆறிட்டு."

"சாமி ஏத்துக்கிடுமா?"

"தெரியல மக்கா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அன்றைக்குச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பூசாரிக்கும் அவளே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "பிள்ள பொறக்கட்டும்மா, சேவலக் கொண்டாங்க. காலப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாராம். காலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை.

சந்தைச் சேவலைப் பஞ்சாரத்துக்கு மாற்றிவிட்டு, அவள் சேவலை அதன் கூட்டில் விட்டோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடந்து வந்து, கூட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தரச் சொன்னாள். இறுக்கிப் பிடித்து விரித்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. "காஞ்சிருச்சும்மா" என்றாள். தரை காய்ந்துவிட்டது. எனக்குத்தான் வயிற்றுக்குள் ஈரம் காயவில்லை. மூளிச் சேவலை நேர்ந்த வீட்டில் என்ன பிள்ளை பிறக்கும் என்று யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே அது எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நம்பிக்கை இல்லாதவள் என்று இத்தனை வருஷம் என்னைப் பற்றி நானே பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில், மழை விட்டு வானம் வெறித்த ஒரு காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வீட்டுக்காரரும் மருமகனும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு மதினி பிளாஸ்கில் காப்பி கொண்டு வந்திருந்தாள். யாரும் குடிக்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் மருமகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டு, துணியில் சுற்றிய பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. துணியின் அடிப்பக்கத்தை விலக்கினேன்.

"என்ன பிள்ளன்னு கேக்காம காலப் பாக்கிய" என்றாள் நர்ஸ்.

சிவந்து, சுருங்கி, நனைந்த விரல்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி பார்த்தேன். எல்லாம் இருந்தன.

கட்டிலிலிருந்து மகள் கூப்பிட்டாள். கண் திறக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"எம்மா."

"என்ன மக்கா."

"காலு."

ஆணா பெண்ணா என்று அவளும் கேட்கவில்லை. எல்லாம் நல்லா இருக்குட்டி, ஒண்ணும் இல்ல என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தி, இரண்டு காலையும் எடுத்து அவள் கைக்குள் வைத்தேன். கண்ணை மூடியபடியே அவள் ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டு போனாள். கடைசி விரலுக்கு வந்ததும் நிறுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.